குடிவழி காட்டும் ஏடுகள்

முத்து என்றவுடன் தமிழர் நினைவில் முன்னிற்பது கொற்கைத் துறையாகும். பாண்டிய நாட்டின் புகழைக் கடல் கடந்த நாடுகளுக்குக் கொண்டு சென்ற பொருள்களுள் கொற்கை முத்தும் ஒன்று. கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற 'பெரிபுளூசு' என்னும் கடற்பயண நூல் இத்துறையின் முத்துக் குளிப்பைக் குறிப்பிடுகின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகள் அங்கே கடலில் மூழ்கி முத்தெடுத்தனர் என்று அந்நூல் கூறும். அவர்கள் யாவர்? அவர்தம் ஊர் யாது? பெயர் யாது? இவற்றுள் ஒன்றையும் அது கூறவில்லை. முத்தின் பெயர் நிலைத்தது. முத்தெடுத்தவர் பெயர் மறைந்தது.

கொற்கையை விட்டுக் கடல் விலகிய பின்னர்க் காயலும், அதற்குப் பின்னர்த் தூத்துக்குடியும் முத்து வாணிகத்தில் சிறந்து விளங்கின. போர்த்துக்கீசியரும், 1658 இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், 1825 இல் அதனை உடன்படிக்கையின் வழிப் பெற்ற ஆங்கிலேயரும் முத்துச் சலாபத்தைக் குறித்து நிறைய எழுதி வைத்தனர். எத்தனை தோணிகள் சென்றன, எத்தனை சிப்பிகள் கரை சேர்ந்தன, அரசுக்கு எவ்வளவு வருவாய் வந்தது என்பன அவற்றில் உள. மூழ்குவோர் விரைந்து கீழே செல்வதற்குத் துணைக்கொண்ட கல்லே கணக்கிற்கும் அளவாயிற்று. இன்னாருக்கு இத்தனை கல் என்று உரிமைகளைக் குறித்தனர். கல்லை எண்ணியவர்கள், அக்கல்லைப் பற்றி ஆழத்தில் இறங்கியவனின் பெயரை எழுதவேண்டும் என்று எண்ணவில்லை.

ஆனால், அவனுடைய உறவினர்க்கு அவன் வெறும் எண் அல்லன். கடலில் மூழ்குபவனின் கயிற்றைத் தோணியிலிருந்து பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாக இருத்தல் வழக்கம் என்று இக்கரையில் கூறுவர். தன் உடன்பிறந்தாளின் மங்கல வாழ்வு அக்கயிற்றில் இருப்பதனை அறிந்தவன், அதனைக் கைவிடமாட்டான் அன்றோ? யார் யாருக்கு உறவு என்பது அம்மக்களுக்கு உயிரோடு ஒட்டிய செய்தியாக இருந்தது. தூத்துக்குடியில் 1961 ஆம் ஆண்டோடு முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. அந்நாளில் கடலில் இறங்கியவர்களின் பேரன் பேர்த்தியர் இன்று நம்மிடையே வாழ்கின்றனர். அம்முன்னோர்களின் பெயர்களை இனித் தேடிக் காணமுடியுமா? முடியும். அதற்கு வழி காட்டுவன நூல் நிலையங்களும், பதிவேடுகளும், பழைய இதழ்களும் ஆகும்.

தந்தை, பாட்டன், பூட்டன் எனவும், தாய், பாட்டி, பூட்டி எனவும் தலைமுறை தலைமுறையாக முன்னோரை வரிசைப்படுத்திக் கூறுவது குடிவழி எனப்படும். முற்காலத்தில் அரசர்கள் தம் குடிவழியைச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் பொறித்தனர். எளிய மக்களுக்குச் செப்பேடு இல்லை. ஆயினும், அவர்களும் பிறந்தனர்; மணந்தனர்; நிலம் வாங்கினர்; கடன் பட்டனர்; இறந்தனர். இந்நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் எங்கோ ஓர் ஏட்டில் ஒரு வரியை விட்டுச் சென்றுள்ளன. சிதறிக் கிடக்கும் அவ்வரிகளைத் தேடித் தொடுப்பதே குடிவழி ஆராய்ச்சியாகும்.

இவ்வாராய்ச்சி வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். முதலில் பாட்டன் பாட்டியரை அணுகிக் கேட்டு எழுதுக. பின்னர்ப் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்க. திருமண அழைப்பிதழ், பிறந்த நாட்குறிப்பு, நிலப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கடிதம், புகைப்படத்தின் பின்புறம் எழுதிய குறிப்பு ஆகிய யாவும் சான்றுகளே. தமிழர் பெயர்முறையும் நமக்கு உதவும். பெயருக்கு முன்னுள்ள தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைச் சுட்டும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் 'பெயரன்' என வழங்கிய சொல்லே 'பேரன்' என மருவிற்று. எனவே, ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையில் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். இது வழியும் காட்டும்; வழி தவறவும் செய்யும். ஒரே பெயருடைய பாட்டனையும் பேரனையும் ஒருவராகக் கொண்டு மயங்குதல் கூடாது.

வீட்டுச் செய்திகளைத் தொகுத்த பின்னர்ப் பொதுப் பதிவேடுகளை நாடுதல் வேண்டும். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவிற்கென 1899 இல் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. இந்தியா முழுமைக்கும் உரிய சட்டம் 1969 இல் வந்தது. நகராட்சிகளும் ஊராட்சிகளும் இப்பதிவுகளைப் பேணி வருகின்றன. சொத்துரிமை கைமாறிய செய்திகளைப் பத்திரப் பதிவு அலுவலகங்களில் காணலாம். ஒரு கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், அவர்தம் தந்தையர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களோடு, நிலத்தின் நான்கு எல்லைகளும் குறிக்கப்பெற்றிருக்கும். அவ்வெல்லைகளில் அண்டை நிலத்தார் பெயர்களும் வரும். ஒரு பெயரைத் தேடிச் சென்றவருக்கு ஒரு தெருவே கிடைத்துவிடும்.

தூத்துக்குடிக் கரையில் இவற்றினும் பழைய சான்றுகள் வழிபாட்டிடங்களில் உள்ளன. இக்கரைப் பரதவர் கி. பி. 1535 ஆம் ஆண்டினை ஒட்டிக் கிறித்துவ சமயத்தைத் தழுவினர். 1542 இல் பிரான்சிசு சவேரியார் இங்கு வந்தார். மண ஏடு பேணுவதைப் பங்குக் குருக்களின் கடமையாகக் கத்தோலிக்கத் திருச்சபை 1563 இல் திரிதெந்து நகரில் கூடிய சங்கத்தின் வழி விதித்தது. திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நாள் ஆகியன காணப்படும். திருமண ஏட்டில் மணமக்கள் பெயரோடு பெற்றோர், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களும் இருக்கும். மைத்துனன் பிடித்த கயிற்றின் தொடர்பை இவ்வேட்டில்தான் காணவேண்டும். இசுலாமிய மக்கள் மிக்கு வாழும் காயல்பட்டினம் முதலிய ஊர்களில், பள்ளிவாசல் ஜமாஅத்துகள் பேணும் நிக்காஹ் பதிவேடுகள் இத்தகைய பயனைத் தருவன.

இவ்வேடுகளில் மற்றொரு சிறப்பும் உண்டு. நம் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தையையே காட்டும். தாயின் பெயரைக் காட்டுவது அரிது. தந்தை வழிப் பெயர்களை ஒப்புவிக்கும் முதியவர்களுள் பலர், பூட்டியின் பெயரைக் கேட்டால் தயங்குவர். திருமுழுக்கு ஏடும் மண ஏடும் அன்னையின் பெயரையும் உடன் எழுதி வைத்தன. மறக்கப்பெற்ற அன்னையர் பலரை மீட்டுத் தருவன இவ்வேடுகளே.

இனி, நூல் நிலையத்திற்குச் செல்வோம். நூல் நிலையங்களில் நூல்கள் பொருள்வாரியாக எண்ணிடப்பெற்று அடுக்கப்பெறும். அமெரிக்க அறிஞர் மெல்வில் தூயி 1876 இல் வெளியிட்ட பகுப்பு முறையில் குடிவழி நூல்களுக்குரிய எண் 929 ஆகும். ஆனால், அந்த அடுக்கோடு நின்றுவிடலாகாது. மாவட்ட விவரச் சுவடிகள், ஊர் வரலாறுகள், பயண நூல்கள், விழா மலர்கள் ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும். கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி மாவட்ட வரலாறு 1881 இலும், பேட் என்பவர் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விவரச் சுவடி 1917 இலும் வெளிவந்தன. முத்துக் குளிப்பைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாணத்தின் கல்லறை எழுத்துகளைத் திரட்டி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905 இல் ஒரு நூல் வெளியிட்டார். வெயிலாலும் மழையாலும் உப்புக் காற்றாலும் கல்லில் எழுத்து தேய்ந்துவிடும். அது தேயுமுன் எவரேனும் படியெடுத்து அச்சேற்றியிருப்பின், கல் இழந்ததை நூல் காத்துத் தரும்.

சென்னை எழும்பூரில் 1896 முதல் இயங்கிவரும் கன்னிமரா நூலகம், இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் ஒன்று. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உள்ளது. அங்கே அரசு ஆவணங்களோடு டச்சுக்காரரின் ஏடுகளும் காக்கப்பெறுகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய நூல்கள், இதழ்கள், அழைப்பிதழ்கள், துண்டு வெளியீடுகள் ஆகியவற்றைக் கொண்டு, 1994 இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைக்கப்பெற்றது. பிறர் குப்பை என்று எறியும் பழைய திருமண அழைப்பிதழும் அங்கே ஆவணமாக மதிக்கப்பெறுகின்றது.

குடிவழி தேடுவோர் பலர் நூல்களைப் பார்த்து இதழ்களைப் பாராது விட்டுவிடுகின்றனர். இது பெரும் குறையாகும். நூலில் இடம்பெறுவோர் சிலர். இதழில் இடம்பெறுவோர் பலர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் பல்வேறு சமூகங்கள் தத்தமக்கென இதழ்கள் நடத்தின. நாடார் குல மித்திரன், தனவைசிய ஊழியன் முதலியன அவ்வகையின. இத்தகைய இதழ்களில் தலையங்கமும் கட்டுரையும் மட்டுமல்லாமல், திருமணச் செய்தி, மறைவுச் செய்தி, நன்கொடையாளர் பட்டியல், தேர்வில் தேறியவர் பட்டியல் போன்றனவும் இடம்பெறுதல் உண்டு. ஒரு பள்ளிக்கு நாலணா நன்கொடை அளித்தவரின் பெயர், வேறெங்கும் காணப்படாமல், அத்தகைய ஒரு பட்டியலில் காணப்படலாம்.

இலங்கையில் வாழும் டச்சு வழியினர் 1908 இல் கொழும்பில் ஒரு சங்கம் கண்டு, அதே ஆண்டில் ஓர் இதழையும் தொடங்கினர். தம் குடும்பங்களின் வழிமரபுகளை ஆவணங்களிலிருந்து ஆராய்ந்து அவ்விதழில் வெளியிட்டனர். டச்சுக்காரர் ஆண்ட நாளில் தூத்துக்குடி கொழும்பிலிருந்த ஆளுநரின் மேற்பார்வையில் இருந்தமையின், இக்கரையின் செய்திகளைத் தேடுவோர்க்கும் இலங்கை ஏடுகள் பயன்படுவன. டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆவணங்கள் நெதர்லாந்து, இலங்கை, இந்தியா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் சிதறி இருப்பினும், அவை அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கொண்டு, உலக நினைவுப் பதிவேட்டில் யுனெசுகோ நிறுவனம் 2003 இல் சேர்த்தது.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் 1845 இல் குடிவழி ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தோன்றிற்று. அது 1847 இல் தொடங்கிய காலாண்டிதழ் இன்றும் வெளிவருகின்றது. நாளடைவில் அந்நாட்டில் இத்தகைய இதழ்கள் ஆயிரக்கணக்கில் பெருகின. எந்த இதழில் எந்தக் குடும்பத்தின் செய்தி உள்ளது என்று எவ்வாறு அறிவது? இக்குறையை நீக்க, இந்தியானா மாநிலத்தில் போர்ட் வெயின் என்னும் ஊரிலுள்ள பொது நூலகம் முன்வந்தது. அந்நூலகத்தார், கட்டுரைகளைக் குடும்பப் பெயர்வாரியாகவும் ஊர்வாரியாகவும் பிரித்து, பெரியதோர் அட்டவணையை உருவாக்கினர். தம் ஊரில் இல்லாத இதழிலும் தமக்கு வேண்டிய கட்டுரை இருப்பதை ஒருவர் அதனால் அறியலாம். அறிந்தபின் அதன் படியை வேண்டிப் பெறலாம். தமிழ் இதழ்களுக்கும் இத்தகைய அட்டவணை பெருகுதல் வேண்டும். ஒரு பள்ளி மாணவர்கள் தம் ஊர் நூல் நிலையத்திலுள்ள ஒரே ஓர் இதழின் பழைய தொகுதிகளுக்குப் பெயரட்டவணை எழுதினாலும், அது நிலைத்த தொண்டாகும்.

நம் பொருள் நமக்கு அருகிலேயே இருக்கும் என்று கருதிவிடலாகாது. இக்கரையில் பணிபுரிந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளார், அடியார் வரலாறு ஒன்றைத் தமிழில் எழுதி 1586 இல் அச்சிட்டார். இம்மக்களுக்காக எழுதப்பெற்ற அந்நூலின் படி, நெடுங்காலம் கழித்து உரோமையில் வத்திக்கான் நூலகத்திலிருந்து நமக்குக் கிடைத்தது. பின்னர் 1967 இல் தூத்துக்குடியிலேயே அது மறுபதிப்புப் பெற்றது. இனி, இதற்கு மாறாக, தொலைவில் தேடிய பொருள் அருகில் கிடைப்பதும் உண்டு. பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி ஆழ்வார்திருநகரிக்கு வந்த உ. வே. சாமிநாதையருக்கு, அவ்வூரிலேயே ஒரு வீட்டில் அவ்வேடு கிடைத்தது. தேடுபவனுக்கு வேண்டுவது பொறுமை. அதனினும் வேண்டுவது பலரிடம் பணிந்து கேட்கும் பண்பு.

ஏடு கிடைத்தால் மட்டும் போதாது. அதனை ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும். இதற்கு மூன்று நெறிகள் உள. முதலாவது, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதல். தந்தையை உறுதி செய்யாமல் பாட்டனுக்குத் தாவக்கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு செய்தியும் எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில், எந்த நாளில் கண்டது என்று உடனுக்குடன் குறித்தல். மூன்றாவது, ஒரு செய்திக்கு இரண்டு சான்றுகள் தேடுதல்.

இந்நெறிகளின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தூத்துக்குடிப் பரதவரிடையே பர்னாந்து, ரொட்ரிகோ, மோத்தா, வாஸ் முதலிய போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் வழங்குகின்றன. இவற்றைக் கண்டு, அவர்கள் போர்த்துக்கீசியர் வழி வந்தவர்கள் என்று முடிவு செய்வது பிழையாகும். திருமுழுக்கின்போது ஞானத்தந்தையராக நின்ற போர்த்துக்கீசியரின் பெயர்கள் அவர்களுக்கு இடப்பெற்றன. ஆகவே, பர்னாந்து என்னும் பெயருடையார் இருவர் உறவினராகவும் இருக்கலாம். ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவராகவும் இருக்கலாம். பெயர் ஒற்றுமை குறிப்பே அன்றிச் சான்று ஆகாது. பெற்றோர் பெயர், ஊர், நாள், சாட்சிகள் ஆகிய யாவும் பொருந்திய பின்னரே உறவு உறுதியாகும்.

குடிவழி ஆராய்ச்சி குலச் செருக்கை வளர்க்காதோ என்று சிலர் வினவலாம். முறையாகச் செய்தால் அது செருக்கை அடக்கும். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் இருவர். அவர்தம் பெற்றோர் நால்வர். அதற்கு முன் எண்மர். இவ்வாறு எண்ணிச் சென்றால், பத்தாம் தலைமுறையில் 1,024 முன்னோர் நிற்பர். அவ்வளவு பேருள் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, 'அவர் வழியில் வந்தேன்' என்று பெருமை பேசுவது எவ்வளவு பொருந்தாதது! செல்வரும், ஏழையரும், தோணி ஓட்டியவரும், உப்பளத்தில் உழைத்தவரும், பிழைப்புத் தேடி இலங்கைக்குக் கப்பலேறியவரும் அவ்வாயிரவருள் இருந்திருத்தல் கூடும். ஏட்டில் அடிமையென்றோ கடனாளியென்றோ காணப்படும் முன்னோரையும் மறைக்காமல் எழுதுவதே உண்மை ஆராய்ச்சியாகும். அதேபோல, உயிரோடு இருப்பவர்களின் தனிச் செய்திகளை அவர்தம் இசைவின்றி வெளியிடாமையும் இதற்குரிய ஒழுக்கமாகும்.

இவை அனைத்திற்கும் காலம் குறுகியது. ஈரக்காற்றும், கரையானும், இராமபாணப் பூச்சியும் ஏடுகளை நாள்தோறும் அழித்து வருகின்றன. இயற்கை மட்டுமன்றி மனிதனின் வெறியும் ஏடுகளுக்குப் பகையாகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றோடு எரிந்தன. கட்டடத்தைப் பின்னர் எழுப்பினர், நூல்களையும் வாங்கினர். ஆனால், ஒரே படியாக இருந்தவற்றை எவ்விலை கொடுத்து வாங்குவது? ஒவ்வோர் ஏட்டிற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் இருத்தல் வேண்டும் என்பதே இத்துயரம் கற்பிக்கும் பாடம். இக்காலத்தில் நூலகங்கள் ஏடுகளைப் படமெடுத்து மின்னுருவில் சேமித்து வருகின்றன. ஒரு வீட்டிலுள்ள பத்திரத்தையும் அவ்வாறே படியெடுத்து வைத்தல் எளிது.

ஏட்டினும் விரைவில் மறைவது முதியோரின் நினைவு. சலாபத்தின் கடைசி நாளில் கரையில் நின்று சிப்பிக் குவியலைக் கண்ட சிறுவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். பழைய மண ஏட்டில் காணும் பெயரைப் படித்துக் காட்டினால், 'அவர் என் அத்தையின் மாமனார்; இன்ன தெருவில் இருந்தார்' என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களே. அவர்கள் வாய் திறந்து கூறும் நாளில் கேட்டு எழுதாவிடில், பின்னர் எந்த நூலகமும் அதனைத் தர இயலாது.

மாணவர்களே! இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும், பெற்றோர் பெயரையும், இருவழிப் பாட்டன் பாட்டியர் பெயரையும் எழுதுங்கள். எந்தப் பெயரில் எழுதுகோல் நிற்கின்றதோ, அவ்விடத்தில் உங்கள் தேடலைத் தொடங்குங்கள். முதலில் வீட்டு முதியவரைக் கேளுங்கள். பின்னர்ப் பதிவேட்டை நாடுங்கள். அதன்பின் நூல் நிலையத்தின் கதவைத் தட்டுங்கள். கடலை நம்பி வாழ்ந்தவரும் நிலத்தை நம்பி வாழ்ந்தவருமாகிய நம் முன்னோர், பெயர் விளங்க வேண்டும் என்று உழைத்தவர் அல்லர். தம் மக்கள் வாழவேண்டும் என்று உழைத்தவர். அம்மக்கள் வழி வந்த நாம் அவர்தம் பெயரைப் பிழையின்றி எழுதி வைப்பது, அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.